மேசைக்கு அடியில் ஒரு பெண் பார்க்கும் படலம்

விற்பனை வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி வரும். தாங்கள் விற்கும் பொருளால் தீராத பிரச்சினை உலகத்தில் இல்லை என்று மனதார நம்பத் தொடங்குவார்கள். நான் விற்றது வீடியோ மீட்டிங் கருவிகள். எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், என்னைப் பெண் பார்த்தார்கள். அவர்கள் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல. அதுதான் இங்கே விஷயம்.

பாயான் பாருவில் ஒரு சின்ன நிறுவனம் எங்களுடையது. பெரிய திரை, அதன் தலைமேல் உட்காரும் கேமரா, மேசை நடுவில் வைக்கும் மைக், ஸ்பீக்கர் என்று எல்லாவற்றையும் கொண்டுபோய் அலுவலகங்களின் மீட்டிங் அறையில் மாட்டித் தருவோம். பெருந்தொற்றின் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஊரே சமையலறையில் லேப்டாப்பை வைத்துப் பேசிப் பழகியிருந்தது. கட்டுப்பாடு போனது, பழக்கம் போகவில்லை. முதலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் வாங்கின. பிறகு வக்கீல்கள், பல் டாக்டர்கள், டியூஷன் சென்டர்கள். என் முதலாளி மிஸ்டர் ஓங் திங்கட்கிழமைதோறும் வெள்ளைப் பலகையில் விற்பனைக் கோடு ஒன்று வரைவார். ஒரு திங்கட்கிழமை உற்சாகத்தில் கோடு பலகையைத் தாண்டிச் சுவரில் ஏறிவிட்டது. (துடைத்தும் போகவில்லை. வந்தவர்களிடமெல்லாம் அதையே வளர்ச்சிக்குச் சாட்சியாகக் காட்டினார்.)

ஒரே ஒரு கூட்டம்தான் எங்களுக்குப் பிடி கொடுக்கவில்லை. ஜார்ஜ் டவுன் வியாபாரிகள். ஒரு காதில் தூத்துக்குடி, இன்னொரு காதில் கோலாலம்பூர் என்று இரண்டு போன்களை வைத்துக்கொண்டே தலைமுறையாக வியாபாரம் செய்தவர்களிடம், "முகத்தைப் பார்த்துப் பேசலாம்" என்று சொன்னால், "முகத்தைப் பார்த்தா எப்படிம்மா விலையை ஏத்திச் சொல்றது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

"மாலதி, நீ தமிழ் பேசுகிறாய். அவர்களை நீ பிடி. ஒருவர் வாங்கினால் தெருவே வாங்கும்" என்றார் மிஸ்டர் ஓங், மலாயில். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் சொன்னதில் சொல்லாத பாதி எனக்குப் புரிந்தது.

லிட்டில் இந்தியாவை ஒட்டி மசாலாவும் பருப்பும் வெங்காயமும் இறக்குமதி செய்யும் ஹாஜி ஜமால், "சனிக்கிழமை வந்து காட்டும்மா, பாப்போம்" என்றார். பாதி உலகத்தை வென்ற மாதிரி இருந்தது எனக்கு.

மீதிப் பாதியை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். கடல் தாண்டி அக்கரையில், பாகான் டாலாமில் எங்கள் வீடு. அப்போது எனக்கு மாப்பிள்ளை தேடும் பணி மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வந்த படங்களில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டு, அடுத்தவர் கார் மேல் சாய்ந்து நின்றார்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த கதிரவன் ஒருவர்தான் கண்ணாடி இல்லாமல், யாருடைய காரும் இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பிடித்திருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்றால் அம்மா சேலைக் கடைக்குக் கிளம்பிவிடுவார்.

முதலில் வீடியோவில் பார்த்துக்கொள்வது, பிடித்தால் நேரில் வருவது என்று இரு வீட்டிலும் முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலை. "நான் ஏற்பாடு பண்றேன். இது என் தொழில்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். என் பெயரில் நிறுவனக் கணக்கில் ஒரு நிரந்தர மீட்டிங் அறை இருந்தது. எந்த நாளும் ஒரே இணைப்புதான். அழுத்தினால் நேராக உள்ளே வந்துவிடலாம். அதையே மாப்பிள்ளை வீட்டுக்கும் அம்மாவுக்கும் அனுப்பினேன். ஹாஜியின் டெமோவுக்கும் அதுதான். வருபவர்களை வெளியே நிறுத்திவைத்து, நாம் அனுமதித்தால்தான் உள்ளே விடும் வசதி ஒன்று உண்டு. வாடிக்கையாளர் காத்திருக்கக் கூடாதென்று அதையும் அணைத்து வைத்திருந்தேன். (கதவைக் கழற்றிவிட்டு வீட்டைப் பூட்டியவள் நான்.)

வெள்ளிக்கிழமை மாலை அம்மாவிடமிருந்து ஒரு நீண்ட குரல் செய்தி வந்தது. கெம்போங் மீன் விலையில் ஆரம்பித்தது. அம்மாவின் செய்திகள் மீன் விலையில் ஆரம்பித்தால் மீன் விலையிலேயே முடியும் என்பது என் அனுபவம். மேற்கொண்டு கேட்காமல் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரைப் பெட்டியில் அடுக்கினேன்.

சனிக்கிழமை ஹாஜியின் கடை மாடியில் ஒரு நீளமான தேக்கு மேசை. கீழேயிருந்து சீரகமும் மிளகும் கலந்த வாசம் ஏறி வந்துகொண்டிருந்தது. ஹாஜியும் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் அவருடைய மகள் நூருலும் உட்கார்ந்திருந்தார்கள். மேசை முனையில் சுவரோரமாகத் திரையை நிறுத்தி, மேலே கேமராவைப் பொருத்தினேன்.

"இந்தக் கேமராவுக்கு மூளை இருக்கு ஹாஜி. யார் பேசுறாங்களோ, யார் அசையுறாங்களோ, அவங்களைத் தேடிப் பிடிச்சுப் பெரிசாக் காட்டும்."

"மூளை இருக்கா? அப்ப என் தம்பியை விட உசத்திதான்" என்றார் ஹாஜி.

"பதினொரு மணிக்கு வினோத்னு எங்க கம்பெனி ஆளு ஒருத்தர் கோலாலம்பூர்லேருந்து உள்ள வருவாரு. அவரை உங்க கிளை ஆபீஸ்னு நெனச்சுக்குங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க. பொருளைப் பத்தி, வாரண்டி பத்தி, எல்லாத்துக்கும் பதில் சொல்லுவாரு."

படம் வந்தது. சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் ஒயர் மேசைக்கு அடியில் எங்கோ கழன்றிருந்தது. "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, திரைப் பக்கமிருந்தே மேசைக்கு அடியில் நுழைந்தேன். தலை உள்ளே, மீதி வெளியே. மேசையின் நடுக்காலில் ஒயரைப் பிடித்தபோது, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடா ஒரு நாற்காலிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை.

அன்று நான் போட்டிருந்தது நிறுவனத்தின் டீ-ஷர்ட். முதுகில் கொட்டை எழுத்தில் 'முகம் பார்த்துப் பேசுவோம்' என்று மலாயில் எழுதியிருக்கும்.

அப்போது என் போனில் 'டிங்' என்று மணி அடித்தது. யாரோ உள்ளே வந்துவிட்டார்கள்.

"வினோத் வந்துட்டாரா ஹாஜி?" என்று அடியிலிருந்து கத்தினேன்.

"வந்துட்டாங்கம்மா. மூணு பேர் வந்திருக்காங்க!"

மூன்று பேரா? மிஸ்டர் ஓங்கே எனக்கு உதவி அனுப்பிவிட்டார் போலிருக்கிறது என்று நெகிழ்ந்துபோனேன். "பேசுங்க ஹாஜி! தயங்காமக் கேளுங்க!" என்றபடி ஒயரைச் செருகப் பார்த்தேன். அது போகவில்லை. "சனியனே, உள்ள போ! இன்னிக்கு உன்னை விடப்போறதில்லை!" என்று அதட்டியதும் போய்விட்டது. ஸ்பீக்கர் உயிர்பெற்றது.

"வணக்கமுங்க" என்றது ஒரு பெரியவர் குரல், சற்றுப் பயத்தோடு. "நாங்க சுங்கைப் பட்டாணியிலேருந்து பேசுறோம்."

"வணக்கம், வணக்கம்" என்றார் ஹாஜி. "கோலாலம்பூர்னு சொன்னாங்களே?"

"இல்லீங்க. நமக்கு எப்பவும் சுங்கைப் பட்டாணிதான்."

ஹாஜி குனிந்து, "சுங்கைப் பட்டாணியிலயும் உங்களுக்குக் கிளை இருக்காம்மா?" என்றார்.

வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எனக்குக் கற்பித்த முதல் பாடம். "எல்லா ஊர்லயும் இருக்கு ஹாஜி!" என்றேன், சக்கரத்தோடு போராடிக்கொண்டே.

ஹாஜி தொண்டையைச் செருமிக்கொண்டார். வெங்காயம் வாங்கும்போது விற்பவரிடம் கேட்கும் அதே கறாரான குரல்.

"சரி, விஷயத்துக்கு வருவோம். எத்தனை வருஷம் ஆச்சு?"

"முப்பத்தொண்ணு ஆவுதுங்க."

"முப்பத்தொண்ணா? அலாமாக்! அவ்வளவு பழசா?"

இப்போது ஒரு அம்மாளின் குரல் கேட்டது. "இந்தக் காலத்துல முப்பத்தொண்ணு ஒண்ணும் பெரிசில்லீங்களே."

"இருக்கட்டும், இருக்கட்டும். ரிப்பேர் ஏதும் வந்திருக்கா? மறைக்காமச் சொல்லணும்."

"மறைக்க என்னங்க இருக்கு" என்றார் பெரியவர். "ஸ்கூல் படிக்கிறப்ப அப்பெண்டிக்ஸ் எடுத்தோம். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை."

ஹாஜி நூருலிடம் மெதுவாக, "அப்பெண்டிக்ஸ்னா எந்த பார்ட்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. வினோத் ஏதோ புது மாடல் பற்றிச் சொல்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். குரல் ஏன் வினோத்தின் குரலாக இல்லை என்று யோசிக்கும் நிலையில் இல்லை.

"சத்தம் வருமா?" இது ஹாஜி.

"ராத்திரியில லேசா" என்று அந்த அம்மாள் தயங்கினார். "அசதியா இருந்தா மட்டுந்தான்."

"அம்மா!" என்றது ஒரு இளைஞனின் குரல். அந்த ஒரு சொல்லின் நடுவிலேயே சிரிப்பு உடைந்தது.

"வாரண்டி எத்தனை வருஷம் குடுப்பீங்க?"

"வாரண்டியா?" பெரியவர் யோசித்தார். "நம்ம குடும்பத்துல எல்லாரும் தொண்ணூறைத் தாண்டினவங்கதாங்க."

"தொண்ணூறு வருஷமா! நூருல், எழுதிக்க!"

நூருல் எழுதவில்லை. நாற்காலியை நகர்த்திவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தார். அவர் முகம் முழுக்க, அடக்க முடியாமல் ஏதோ பொங்கிக்கொண்டிருந்தது.

"மாலதி, ஒண்ணு கேக்கவா? உங்க கம்பெனியில பொருள் காட்டுறதுக்கு, தட்டுல வெத்தலை பாக்கு வாழைப்பழம் எல்லாம் வைப்பாங்களா?"

நான் இருந்த நிலையில் திரும்ப முடியாது. கைக்கு அடிவழியாகத் தலையை விட்டுத் திரையைப் பார்த்தேன். எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. பட்டுச் சேலையில் ஒரு அம்மாள், வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிக்காரர். முன்னால் தாம்பாளம். திரையின் மூலையில் சிறு கட்டத்தில், மூளையுள்ள அந்தக் கேமரா யார் பேசுகிறார்களோ, யார் அசைகிறார்களோ, அவர்களைத் தேடிப் பிடித்துப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தது. கட்டம் முழுக்க என் பின்புறம். அதற்கு மேலே, 'முகம் பார்த்துப் பேசுவோம்.'

அந்த நேரம் பார்த்து இன்னொரு 'டிங்'. திரையில் ஒரு நெற்றியும் ஒரு மின்விசிறியும் வந்தன. அம்மா.

"மாலு! புடவை கட்டிட்டியா?"

"அம்மா! நாளைக்குத்தானே!"

"என்னா நாளைக்கு? மாப்பிள்ளைக்கு நாளைக்கு ஷிப்ட் மாறிடுச்சு, இன்னிக்குப் பதினொரு மணின்னு நேத்தே சொன்னேன்ல? ஆபீஸ்ல லைன் நல்லா இருக்கும், அங்கேருந்தே பேசுன்னு சொன்னேன். நீயும் கட்டைவிரலைக் காட்டின! நீ எங்க இருக்க, ஆளையே காணோம்?"

நான் பதில் சொல்வதற்குள் மூன்றாவது 'டிங்'. வினோத் வந்துவிட்டான். மனப்பாடம் செய்திருந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தான்: "வணக்கம் ஐயா, உங்கள் கோலாலம்பூர் கிளையிலிருந்து பேசுகிறேன், இன்று வெங்காயம் எத்தனை மூட்டை வந்தது?" சுங்கைப் பட்டாணிப் பெரியவர் பதறிப்போய், "எந்த வெங்காயம்?" என்றார்.

நான் நாடாவைத் தலை வழியாகக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் வந்தேன். எழுந்த வேகத்தில் மேசை விளிம்பு மண்டையில் 'டொக்' என்று இடித்தது. மைக் மிக நல்ல மைக். அந்த 'டொக்' சுங்கைப் பட்டாணி வரை துல்லியமாகப் போய்ச் சேர்ந்தது. தலையில் ஒட்டடை, முட்டியில் தூசி, கையில் ஒரு ஒயர். கைகூப்பினேன். ஒயரும் கூப்பிய கைக்குள் இருந்தது.

வேலையும் போயிற்று, மாப்பிள்ளையும் போயிற்று, ஒரே இணைப்பில் இரண்டும் போயிற்று என்று நினைத்தேன். ஹாஜியிடம், "மன்னிச்சுக்குங்க ஹாஜி, இது என் தப்பு. இன்னொரு நாள் வந்து சரியாக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினேன்.

"கட் பண்ணாதீங்க!" என்றார் கதிரவன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "காலையிலேருந்து அடக்கமா உட்காரச் சொல்லி அம்மா பயிற்சி குடுத்தாங்க. அதைத்தான் கெடுத்துட்டீங்க. முகத்தையாவது காட்டிட்டுப் போங்க."

நான் முகத்தைக் காட்டினேன். வேறு என்ன செய்வது?

அப்போதுதான் ஹாஜிக்கு முழு விஷயமும் விளங்கியது. தலையில் கை வைத்து, "யா அல்லாஹ், மாப்பிள்ளையையா ரிப்பேர் கேட்டேன்!" என்றார். அடுத்த நொடியே நிமிர்ந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"இங்க பாருங்க. காலையிலேருந்து இந்தப் பிள்ளையைப் பாக்குறேன். பெட்டியெல்லாம் தானே மாடிக்குத் தூக்கிட்டு வந்துச்சு. ஏணி மேல ஏறி மாட்டுச்சு. ஒயர் கழண்டா ஆளைத் தேடலை, தானே குனிஞ்சு போச்சு. கெட்டிக்காரப் பிள்ளை. தங்கமான பிள்ளை."

கதிரவனின் அம்மா முகம் மலர்ந்தார். "ரொம்ப சந்தோஷங்க. நீங்க பொண்ணுக்கு என்ன முறை?"

ஹாஜி ஒரு கணம் யோசித்தார். "கஸ்டமர்" என்றார். பிறகு நேர்மையாக, "இன்னும் வாங்கலை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு மூன்று ஊரிலிருந்து ஒரே நேரத்தில் வந்தது. கடைப் பையன்கள் என்னவோ ஏதோ என்று மாடிக்கு ஓடிவந்தார்கள். அம்மாவின் நெற்றி மட்டும் சிரிக்காமல், "யாரு அந்த பாய்? யாரு வெங்காயம் கேட்டது?" என்று விசாரித்துக்கொண்டிருந்தது. வினோத், "அக்கா, நான் இருக்கவா, போகவா?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லாததால் கடைசி வரை இருந்தான்.

பிறகு பேச்சு எப்படியோ ஒழுங்குக்கு வந்தது. கதிரவனின் அப்பா என் படிப்பைக் கேட்டார், நான் சொன்னேன். கதிரவனின் அம்மா, "சமைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். ஹாஜி முந்திக்கொண்டு, "மசாலாவுக்குக் கவலைப்படாதீங்க, அது என் பொறுப்பு லா" என்றார். நூருல் எனக்குத் தண்ணீர் கொடுத்து, பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். கடைசியில் கதிரவனின் அம்மா திரையை உற்றுப் பார்த்து, "வலது காது மேல ஒட்டடை இருக்குடா கண்ணு, எடுத்துடு" என்றார்.

ஹாஜி மேசையைத் தட்டினார். "சுங்கைப் பட்டாணியிலேருந்து ஒட்டடை தெரியுதா? அப்ப நல்ல கேமராதான்!"

எல்லோரும் விடைபெற்றுப் போனதும் நான் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினேன். ஹாஜி கையை அசைத்தார்.

"சுருட்டாதேம்மா. இங்கயே இருக்கட்டும்."

"ஹாஜி?"

"எனக்கு ஒரே பயம்தான் இருந்துச்சு. நம்மாளுங்களுக்கு இதெல்லாம் வராதுன்னு. இன்னிக்குப் பார்த்தேன். சுங்கைப் பட்டாணி வந்துச்சு, பாகான் டாலாம் வந்துச்சு, கோலாலம்பூர் வந்துச்சு. ஒருத்தருக்கும் யாரும் சொல்லித் தரலை. உங்கம்மா நெத்தியைத்தான் காட்டினாங்க, ஆனா விசாரிக்க வேண்டியதையெல்லாம் விசாரிச்சுட்டாங்க. இது போதும். கோலாலம்பூர் கிளைக்கும் ஒண்ணு போடு."

திங்கட்கிழமை மிஸ்டர் ஓங், "என்ன உத்தியைக் கையாண்டாய்?" என்று கேட்டார். "வாடிக்கையாளரை நேரடியாகப் பேசவிட்டேன்" என்றேன். அது பொய்யில்லை. ஹாஜி அந்தக் கதையைத் தேநீரோடு தெரு முழுக்கப் பரிமாறிவிட்டதால், அடுத்தடுத்த வாரங்களில் வியாபாரிகள் அவர்களாகவே கூப்பிட்டார்கள். "அந்தக் கல்யாணக் கேமரா நமக்கும் வேணும்" என்றார் ஒரு ஜவுளிக்கடைக்காரர். பெரிய பெரிய நிறுவனங்கள் விளம்பரம் செய்து கொண்டுவர வேண்டிய மாற்றத்தை நான் தவழ்ந்துகொண்டே கொண்டுவந்தேன். என் வேலையும் நிரந்தரமானது.

அந்தச் சனிக்கிழமை மாலை பெர்ரிப் படகில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது கதிரவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்க மீட்டிங் அறையில யாரும் வெங்காயம் வாங்கலைன்னா, நான் வரலாமா?' கடல் காற்றில் நின்றபடி அதைப் பலமுறை படித்தேன். பிறகு முதல் காரியமாகப் புதிதாக ஒரு தனி இணைப்பு உண்டாக்கினேன். அனுமதித்தால்தான் உள்ளே விடும் வசதியையும் போட்டேன். செவ்வாய்க்கிழமை அவர் வந்ததும் கொஞ்ச நேரம் வெளியே காக்கவைத்தேன். (ஒரு கெத்துக்குத்தான்.)

பட்டர்வொர்த் கோயில் மண்டபத்தில் நடந்த எங்கள் கல்யாணத்தில் ஹாஜியும் நூருலும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது எங்களுக்கு ஒரு மகள்கூட இருக்கிறாள். ஆனால் என் மாமனாருக்கு ஹாஜியின் பேட்டி இன்னும் முடியவில்லை. மகனுக்கு ஜலதோஷம் வந்தாலும், முதுகு பிடித்தாலும், டாக்டருக்கு முன்னால் ஹாஜிக்குத்தான் போன் போகும். போன வாரம் என் கணவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். வீங்கிய கன்னத்தோடு அவர் சோபாவில் படுத்திருக்க, மாமனார் வீடியோவில் ஹாஜியைப் பிடித்து, "மறைக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதான் சொல்றேன். இப்ப ஒரு ரிப்பேர் வந்திருக்கு" என்றார்.

ஹாஜி திரையில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என் கணவரின் கன்னத்தை நன்றாகப் பார்த்தார்.

"மாலதிம்மா, திருப்பிக் குடுத்துடாதே" என்றார். "இந்த மாடல் இப்ப வர்றதில்லை."